‘ஸ்ட்ரெய்ட்லேஸ்ட்’ என்றால் கட்டுப்பெட்டியா? பொருளும் பயன்பாடும்: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூரில் சப்டைட்டில் எழுதுகிறவர்களும், பினாங்கில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுக்கிறவர்களும் அடிக்கடி இடறும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: ஸ்ட்ரெய்ட்லேஸ்ட். அகராதியைப் புரட்டினால் ‘ஒழுக்க விஷயத்தில் மிகக் கண்டிப்பான’ என்ற பொருள் கிடைக்கும். பொருள் சரிதான். ஆனால் அதை அப்படியே திரையில் போட்டால், பேசுகிறவரின் சலிப்போ கேலியோ காணாமல் போய்விடும். ‘கண்டிப்பானவர்’ என்பது நம் பேச்சில் பாதி பாராட்டு. தலைமையாசிரியர் கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டால் பெற்றோர் தைரியமாகப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஸ்ட்ரெய்ட்லேஸ்ட் என்று கேள்விப்பட்டு யாரும் அப்படிச் சேர்ப்பதில்லை.

தமிழில் இதற்கு மிக நெருங்கி வரும் சொல் ‘கட்டுப்பெட்டி’. ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. எந்த வரியில் அதைப் போடலாம், எந்த வரியில் வேறு சொல் தேட வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்

இந்தச் சொல்லின் முன்பாதி ‘நேர்’ என்று பொருள்படும் ஸ்ட்ரெய்ட் இல்லை. ‘குறுகிய, இறுகிய’ என்று பொருள்படும் இன்னொரு ஸ்ட்ரெய்ட். காதுக்கு இரண்டும் ஒன்றே. எழுதும்போது ‘நேர்’ என்ற சொல்லில் ஜி, ஹெச் என்ற இரண்டு எழுத்து நடுவில் வரும், மற்றதில் வராது. பிறப்பும் வேறு. முதலாவது ‘நீட்டு’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. இரண்டாவது லத்தீனின் ‘ஸ்ட்ரிக்டஸ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதே ஸ்ட்ரிக்டஸ் அதிகம் தேயாமல் வந்ததுதான் நாம் நாள்தோறும் சொல்லும் ‘ஸ்ட்ரிக்ட்’.

பினாங்குக்காரர்களுக்கு இதை நினைவில் வைப்பது சுலபம். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே பெர்ரி ஓடுகிற அந்தக் குறுகிய கடலுக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான் பெயர். மலாயில் செலாட், தமிழில் நீரிணை. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர் வைத்தபோதும் வந்தது இதே சொல். வகுப்பில் கரும்பலகையில் இரண்டு கரையையும் நடுவில் கடலையும் வரைந்து காட்டிவிட்டால் மாணவர்கள் பிறகு குழம்புவதில்லை.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: ‘நேர்மையானவர்’ என்று எழுதிவிடுவார்கள். நேர்மையான ஆள் கலகலப்பாகவும் இருக்கலாம். இந்தச் சொல்லுக்கும் நேர்மைக்கும் தொடர்பே இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜி, ஹெச் சேர்த்து எழுதும் வழக்கம் ஆங்கிலேயர்களிடமே பரவி, பல அகராதிகள் அதை மாற்று வடிவமாக ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகவே உங்கள் கைக்கு வரும் வசனத்தாளில் எந்த எழுத்துக்கூட்டல் இருந்தாலும் பொருள் ‘இறுக்கம்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: லேஸ் எந்த லேஸ் என்று தெளிவாகுங்கள்

மஸ்ஜித் இந்தியா சாலைத் துணிக்கடையில் லேஸ் கேட்டால் ரவிக்கை ஓரத்தில் வைத்துத் தைக்கும் பின்னல் பட்டியை எடுத்துக் காட்டுவார்கள். இங்கே சொல்லப்படுவது அந்த லேஸ் இல்லை. சப்பாத்து லேஸ் மாதிரி, துளைகளில் கோத்து இழுத்துக் கட்டுகிற நாடா. லத்தீனில் ‘சுருக்குக் கயிறு’ என்ற சொல்தான் இதற்கு மூலம்.

ஐரோப்பியப் பெண்கள் பழைய காலத்தில் அணிந்த இறுக்கமான மேலுடையைக் கண்முன் கொண்டுவாருங்கள். முதுகுப்பக்கம் இரண்டு விளிம்பிலும் வரிசையாகத் துளைகள். அவற்றில் ஒரே நாடாவைக் கோத்து, இன்னொருவர் பின்னால் நின்று ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்குவார். துணி மடங்கிப் போகாமல் இருக்க உள்ளே கம்பிபோல் தகடுகள் செருகியிருக்கும்; திமிங்கிலத்தின் வாயில் வளரும் நார்போன்ற தகட்டை அதற்கு வெகுகாலம் பயன்படுத்தினார்கள். அதைக் கட்டிய பிறகு குனிவது கடினம், மூச்சை நிறைய இழுப்பதும் கடினம். முதுகு மட்டும் விறைப்பாக நிற்கும்.

15ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் உடையைத்தான் குறித்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே மனிதரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது: நாடாவை இழுத்துக் கட்டிய உடைபோல மனமும் நடத்தையும் இறுகிப்போனவர். மூச்சு விட இடம் தராத ஒழுக்கம் என்பதே இந்தச் சொல்லின் உயிர். நல்ல மொழிபெயர்ப்பில் அந்த மூச்சுமுட்டலில் கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

இதன் எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நாடா தளர்ந்தால் ஆங்கிலத்தில் ‘லூஸ்’. ஒழுக்கம் தளர்ந்தவர் என்ற வசை. நம் பேச்சில் லூசு என்றால் மறை கழன்றவர். ஒரே காட்சியில் இரண்டு சொல்லும் எதிரெதிராக வந்தால், ‘லூசு’ என்று தமிழில் விட்டுவிடாதீர்கள். பார்ப்பவர்களுக்கு அப்படித் திட்டப்பட்டவர் பைத்தியம் என்றுதான் படும்.

படி 3: வரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்

எது இறுகியிருக்கிறது? உடை, ஆண்-பெண் பழக்கம், குடி, ஆட்டம் பாட்டம், பேச்சில் வரும் சொற்கள் என்றால் ஸ்ட்ரெய்ட்லேஸ்ட் தன் வேலையைச் செய்கிறது. பணம், நேரம், கணக்கு என்றால் ஆசிரியர் சொல்லைச் சற்று இழுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். அங்கே ‘கறார்’ போதும். வாடகை விஷயத்தில் கறார், நேரத்தில் கறார் என்போம். ஒழுக்கத்தில் கறார் என்று யாரும் இயல்பாகச் சொல்வதில்லை.

யார் யாரைச் சொல்கிறார்? தோழி தோழியிடம் பெரியவரைப் பற்றிப் புறம்பேசுவது ஒன்று, பெரியவரின் முகத்துக்கு நேரே சொல்வது வேறொன்று. தமிழில் இந்த வேறுபாடு சொல்லையே மாற்றிவிடும். படி 5இல் விரிவாக வருகிறது.

பேசுகிறவர் அந்த இறுக்கத்தை வெறுக்கிறாரா, பாதி மரியாதையோடு சொல்கிறாரா? ஒரு நடத்தைக்கே நம்மிடம் இரண்டு பெயர் இருக்கிறது. பிடித்தவர் சொன்னால் ‘அடக்க ஒடுக்கமான பொண்ணு’, ‘குடும்பப் பாங்கு’. பிடிக்காதவர் சொன்னால் ‘கட்டுப்பெட்டி’. ஸ்ட்ரெய்ட்லேஸ்ட் இரண்டாவது பக்கத்தில் நிற்கும் சொல். அதை ‘அடக்கமான’ என்று பெயர்த்தால் வசை வாழ்த்தாகிவிடும்.

படி 4: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கட்டுப்பெட்டி. கட்டு, பெட்டி, கட்டி மூடிவைத்த பெட்டி என்ற படம் கேட்கிறவர் மனத்தில் தானாக எழும். ஆங்கிலத்தில் இழுத்துக் கட்டிய நாடா, தமிழில் கட்டி வைத்த பெட்டி. இரண்டிலும் கட்டு இருப்பதால் படமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. சுருக்கமும் இதன் பலம். க, ட், டு, ப், பெ, ட், டி என்று ஏழே எழுத்து. ‘பழமையில் ஊறிய ஒழுக்கவாதி’ என்று எழுதினால் பதினான்கு எழுத்து, இரண்டு இடைவெளி வேறு. இரண்டு வரிக்குள் முடிக்க வேண்டிய சப்டைட்டிலில் இந்த வித்தியாசம் பெரிது.

பலவீனமும் உண்டு. இந்தச் சொல் பெரும்பாலும் பெண்கள்மீதே விழுகிறது. ‘அவள் ஒரு கட்டுப்பெட்டி’ என்பது காதுக்குப் பழகியது. ‘அவன் ஒரு கட்டுப்பெட்டி’ என்றால் கேட்பவர் ஒரு கணம் நிற்பார். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தத் தடை கிடையாது. பாதிரியார், வங்கி மேலாளர், ஒரு ஊர், ஒரு நிறுவனம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இன்னொன்று, கட்டுப்பெட்டி என்பதில் ‘உலகம் தெரியாதவள்’ என்ற சாயலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரெய்ட்லேஸ்ட் ஆள் உலகத்தை நன்றாக அறிந்தவராகவும் இருக்கலாம். அறிந்துதான் முகம் சுளிக்கிறார். கதையில் அப்படிப்பட்ட பாத்திரம் என்றால் ‘கட்டுப்பெட்டி’ அவரைச் சிறுமைப்படுத்திவிடும்.

பத்தாம்பசலி ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. அப்படியானால் பத்தாம் பசலி எவ்வளவு பழையது என்று பாருங்கள். இந்தச் சொல் பழமையைத்தான் குத்துகிறது; ஒழுக்க இறுக்கத்தைத் தனியாகக் காட்டாது. கைப்பேசி பயன்படுத்தத் தெரியாதவரும் பத்தாம்பசலிதான். ‘பழைய பஞ்சாங்கம்’, ‘சுத்தக் கர்நாடகம்’ இரண்டுக்கும் இதே வரம்பு. மலாயிலிருந்து எடுத்து நாம் சேர்த்துப் பேசும் ‘கோலோட்’டும் இந்த வரிசைதான். கோலாலம்பூரில் நடக்கும் கதையில், இளைஞர் வாயில், ‘அவங்க வீட்ல ரொம்ப கோலோட் லா’ என்று வந்தால் இயல்பாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டு லண்டன் பாத்திரத்தின் வாயில் வைக்காதீர்கள்.

ஆசாரம், வைதிகம் இரண்டையும் எச்சரிக்கையோடு தொடுங்கள். ஆசாரம் என்றவுடன் குளியல், மடி, சமையல், தீட்டு எல்லாம் கூட வரும். வைதிகம் இன்னும் குறிப்பானது. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய காலத்துச் சீர்திருத்த எழுத்தில் ‘வைதிகர்’ என்பது சாதியையும் சடங்கையும் காப்பவர்களைக் குறித்த சொல். ஆங்கிலேய அத்தையை வைதிகம் என்றால் அவர் தலையில் நம் வரலாற்றை ஏற்றி வைக்கிறோம்.

ஒழுக்கவாதி, தூய்மைவாதி கட்டுரைக்கு ஆகும், வசனத்துக்கு ஆகாது. பியூரிட்டன் என்ற 16ஆம் நூற்றாண்டுச் சமயக் குழுவைப் பற்றி எழுதும்போது ‘தூய்மைவாதி’ சரி. வீட்டுச் சண்டையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

போலி ஒழுக்கம் வேண்டவே வேண்டாம். நிறையப் பேர் இங்கே சறுக்குகிறார்கள். வெளியே உபதேசம், உள்ளே வேறு வாழ்க்கை என்பது போலித்தனம். ஸ்ட்ரெய்ட்லேஸ்ட் ஆள் சொன்னபடியே வாழ்கிறவர். அவர்மீது உள்ள குறை அவருடைய இறுக்கம் மட்டும்தான். ‘சிடுமூஞ்சி’, ‘உம்மணாமூஞ்சி’ இரண்டும் முகத்தைச் சொல்கின்றன, மனத்தைச் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு கழுத்துவரை பொத்தான் போட்டிருக்கும் ஆளும் உண்டு.

ஆணுக்கு? பேச்சில் ‘சாமியார்’ கை கொடுக்கும். ‘வர மாட்டான், அவன் ஒரு சாமியார்’ என்றால் குடி, கூத்து, பெண் எதிலும் சேராதவன் என்று உடனே புரியும். வயதானவராக, பிறரையும் அடக்குகிறவராக இருந்தால் சாமியார் பொருந்தாது. ‘விறைப்பான ஆளு’ என்பது அதைவிட நன்றாக ஒட்டும்.

நிறுவனத்துக்கு எந்தப் பெயரும் சரியாக அமையாது. அங்கே சொல்லைத் தேடாமல் செயலைக் காட்டுங்கள். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தை ஸ்ட்ரெய்ட்லேஸ்ட் என்று வசனம் சொன்னால், ‘டை கட்டலன்னா உள்ளேயே விட மாட்டாங்க’, ‘சத்தமா சிரிச்சாக்கூட திரும்பிப் பாப்பாங்க’ என்று காட்சிக்கேற்ப எழுதலாம். சொல் இல்லாத இடத்தில் செயலைக் காட்டுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமை. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

படி 5: உறவுமுறையைச் சரிசெய்யுங்கள்

பழைய காலத்தில் நடக்கும் ஒரு தொடரில் பதினெட்டு வயதுப் பெண் தோழியிடம் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய ‘ஆன்ட்’ ஸ்ட்ரெய்ட்லேஸ்ட். நடனத்துக்கு அனுப்ப மாட்டார். எழுதும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: ஆன்ட் என்பவர் அப்பாவின் அக்காவா, அம்மாவின் தங்கையா? அத்தை, சித்தி, பெரியம்மா எதுவென்று முதல் பாகத்திலேயே தீர்மானித்துக் குறித்துவைத்தால் ஐந்தாம் பாகத்தில் உறவு மாறிப்போகாது. இங்கே அத்தை என்று கொள்வோம்.

முதல் முயற்சி: ‘என் அத்தை ஒழுக்க விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். நடனத்துக்கு அனுமதிக்க மாட்டார்.’ தகவல் முழுவதும் இருக்கிறது, பெண் இல்லை. பள்ளி அறிக்கை மாதிரி ஒலிக்கிறது.

இரண்டாவது: ‘என் அத்தை ஒரு கட்டுப்பெட்டி. டான்ஸுக்கு விட மாட்டாங்க.’ பரவாயில்லை. ஆனால் ‘ஒரு’ என்பது ஆங்கில வாடை. அவளுடைய ஆற்றாமையும் இன்னும் முழுதாக வரவில்லை.

மூன்றாவது: ‘அத்தை சரியான கட்டுப்பெட்டி. டான்ஸ்னு வாயத் திறந்தாலே போச்சு!’ இது பேச்சு. ‘சரியான’ என்ற அடைதான் வசையின் எடையைத் தூக்குகிறது. தமிழில் ‘மிகவும் கட்டுப்பெட்டி’ என்று சொல்வதில்லை.

இப்போது அந்தப் பெண்ணே இதை அம்மாவிடம் சொல்கிறாள் என்றால்? அப்பாவின் அக்காவை அம்மாவின் முன்னால் கட்டுப்பெட்டி என்றால் அடுத்த நொடியே அடி விழும். ஆங்கிலத்தில் சொல் மாறாமல் இருந்தாலும் தமிழில் மாறியே ஆக வேண்டும்: ‘அத்தைக்கு அதெல்லாம் பிடிக்காதும்மா. அவங்க அந்தக் காலத்து ஆளு.’ பெரியவர்களைப் பற்றிப் பெரியவர்களிடம் பேச நம்மிடம் இருக்கும் மிக நயமான வழி இந்த ‘அந்தக் காலத்து ஆளு’. குற்றமும் சொல்லிவிடலாம், மரியாதையும் குறையாது.

இன்னொரு வகைக் காட்சிக்கும் தயாராக இருங்கள். குடிக்கவோ ஆடவோ விருப்பமில்லாத பெண்ணை நண்பர்கள் ‘நீ என்ன இவ்வளவு கட்டுப்பெட்டியா இருக்கே’ என்று சீண்டுவது. இங்கே சொல் வருணனை இல்லை, நெருக்கடி. அவளைப் பணியவைக்க எறியப்படும் கல். இந்தக் காட்சியில் சொல்லை மென்மையாக்காதீர்கள். கல் கல்லாகவே தெரிந்தால்தான் அவள் மறுப்பின் உறுதியும் தெரியும்.

படி 6: இலக்கணம்

‘கட்டுப்பெட்டி’ என்று ப் மிகும், ‘கட்டுபெட்டி’ பிழை. பண்பைச் சொல்ல ‘கட்டுப்பெட்டித்தனம்’, த் மிகும். பெயரடையாக ‘கட்டுப்பெட்டியான குடும்பம்’, வினையடையாக ‘கட்டுப்பெட்டியாக வளர்த்தார்கள்’. ‘கட்டுப்பெட்டிக்காரி’ என்று ஒரு வடிவம் கிடையாது. சொல்லே ஆளைக் குறித்துவிடுகிறது. வினைமுற்று ஆளைப் பின்பற்றும்: ‘அந்தக் கட்டுப்பெட்டி வரமாட்டாள்’, ‘வராது’ இல்லை. வேண்டுமென்றே இழிவுபடுத்தும் வசனத்தில் ‘வராது’ என்று விடுவது தனி உத்தி, அரிதாகச் செய்யுங்கள்.

படி 7: அக்கம்பக்கத்து ஆங்கிலச் சொற்களைப் பிரித்துவையுங்கள்

புரூட் என்பது உடல், காமம் பற்றிய பேச்சில் கூசுகிறவர். ஸ்ட்ரெய்ட்லேஸ்ட்டைவிடக் குறுகிய சொல். பிரெஞ்சில் ‘நல்ல பெண்மணி’ என்று போற்றிய சொல்லிலிருந்து பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வரும்போது ஏளனமாகிவிட்டது. ‘குடும்பப் பாங்கு’ என்ற பாராட்டை இன்று நம் பிள்ளைகள் கேலியாகச் சொல்லத் தொடங்கியிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதைப் ‘புரூடென்ட்’ என்ற சொல்லோடு குழப்பி ‘முன்யோசனை உள்ளவர்’ என்று எழுதுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. இரண்டும் உறவே இல்லாத சொற்கள். புரூட் வரும் வரியில் ‘எதைப் பார்த்தாலும் அசிங்கம்பா’, ‘எல்லாத்துக்கும் முகத்தச் சுளிக்கும்’ என்று போடலாம். கட்டுப்பெட்டியும் ஆகும்.

விக்டோரியன் என்றால் விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்து ஒழுக்கம். பெயரை வைத்துக்கொண்டு ‘விக்டோரியா காலத்து ஆள்’ என்றால் நம் வாசகர்களுக்கு வயது மட்டும்தான் தெரியும். கதைக்குக் காலம் முக்கியமில்லை என்றால் ‘அந்தக் காலத்து ஆளு’வுக்கே திரும்பிவிடுங்கள்.

மிசஸ் கிரண்டி என்ற பெயர் எங்காவது தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் மோர்ட்டன் எழுதிய நாடகத்தில் வரும் அண்டைவீட்டுப் பெண் அவர். ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. ஆனால் ஒரு பாத்திரம் எது செய்தாலும் ‘கிரண்டி அம்மா என்ன சொல்வாரோ’ என்று நடுங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு அடிக்குறிப்பு எழுத வேண்டியதே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் நம் வீட்டு முடிவுகளை எல்லாம் எடுக்கிறவர்கள் நம்மிடமும் உண்டு: ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க?’ கிரண்டி வரும் வரியில் அந்த நாலு பேரை வையுங்கள். பிரிக்பீல்ட்ஸிலும் சரி, பாகான் டாலாமிலும் சரி, ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

படி 8: உரக்கப் படித்துச் சோதியுங்கள்

எழுதிய வரியில் உங்கள் சொல்லை எடுத்துவிட்டு ‘கண்டிப்பானவர்’ என்று வைத்துப் படியுங்கள். பொருள் அப்படியே நின்றால் உங்கள் சொல் வலுவாக இல்லை, மாற்றுங்கள். அடுத்து ‘அடக்கமானவர்’ என்று வைத்துப் படியுங்கள். வரி தலைகீழாகக் கவிழ்ந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த சொல் சரி. கடைசியாக, பேசுகிறவரின் வயதிலும் உறவிலும் இருக்கும் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் குரலில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரியம்மாவின் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை என்றால், அந்த வரியைப் பெரியம்மா இல்லாத காட்சிக்கு வைத்துக்கொண்டு, இங்கே ‘அந்தக் காலத்து ஆளு’ என்று எழுதுங்கள்.